சட்டையைக் கழற்றிய மாப்பிள்ளை

பிள்ளைகளே, போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மூன்று பேரும் தரையில் உருண்டு உருண்டு சிரித்தீர்கள். டிவியில் ஒரு வெள்ளைக்காரன் மேடையில் நின்று சட்டையைக் கழற்றிச் சுழற்றிக் கூட்டத்துக்குள் எறிந்தான். சின்னவன் உடனே எழுந்து தன் சட்டையையும் கழற்றி எறிந்து, "மாமாவும் இப்படித்தானே ஆடுனாரு?" என்றான். மாமா அப்போது வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். கழற்றினதைத் திரும்ப மாட்டிக்கொண்டு போய்விட்டார். உங்களில் ஒருத்தரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

அன்றைக்கு நான் வாயைத் திறந்திருந்தால் கத்தியிருப்பேன். நான் கத்தினால் நீங்கள் பர்மிய மொழியில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் பெரியவள் ஞாயிறு தமிழ் வகுப்பு டீச்சரிடம் காட்டித் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தை யாரும் திருத்த வேண்டாம். மாமாவைப் பற்றி உங்கள் காதில் யார் போட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அரைகுறையாகப் போட்டிருக்கிறார்கள். அரைகுறையாகக் கேட்டால் சிரிப்புத்தான் வரும்.

அப்போது அவர் உங்களுக்கு மாமா ஆகவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் டாலாவில் இருந்தார். அவர் அப்பா தமிழர், அம்மா பர்மியப் பெண். தமிழ் புரியும், பேசினால் பாதி பர்மியம் கலந்து வரும். என்னை அண்ணன் என்று கூப்பிட மாட்டார், பர்மிய வழக்கத்தில் "அகோ" என்பார். காலையில் படகேறி ஆற்றைத் தாண்டி, இரண்டு பஸ் மாறி, ஷ்வேப்யிதாவில் ஒரு தையல் ஆலைக்குப் போவார். துணி வெட்டும் பிரிவு. வெளிநாட்டுக்குப் போகும் சட்டைகளுக்குத் துணி வெட்டினார். அந்த வெளிநாட்டுக்காரர்கள் இனி இங்கே சட்டை வாங்க மாட்டோம் என்று ஒரு நாள் சொன்னார்கள். ஆலையை மூடிவிட்டார்கள். யார் மேல் யாருக்குக் கோபமோ, எனக்குத் தெரியாது. கேட்டுக்குப் பூட்டுப் போட்டபோது வெளியில் நின்றது துணி வெட்டினவர்கள்தான்.

உங்கள் அத்தை அப்போது மிங்கலா தாங்ஞுன்ட் மார்க்கெட்டில் ஒரு ரவிக்கைத் துணிக் கடையில் நின்றாள். இரண்டு பேருக்கும் பிடித்துப்போயிருந்தது. அப்பா இல்லாத வீடு. நான் அண்ணன், நான் சரி சொல்லிவிட்டேன். ஆனால் எங்கள் பெரியப்பா வந்து உட்கார்ந்து பேசினால்தான் கல்யாணம். அவர் கோவில் கமிட்டியில் இருந்தார். அவர் வராத கல்யாணத்துக்கு எங்கள் தெருவில் ஒருத்தரும் வர மாட்டார்கள். "பையனுக்குத் தமிழே சரியா வரல, வேலையும் போயிடுச்சு, எதைப் பார்த்துக் குடுக்கறது?" என்று அவர் இழுத்துக்கொண்டே இருந்தார்.

சரி, மலேசியாவுக்குப் போய்ச் சம்பாதித்து வருகிறேன் என்று மாமா கிளம்பினார். ஏஜென்ட் ஒருத்தன் மெடிக்கலுக்கு வரச் சொன்னான். நானும் துணைக்குப் போனேன். பிள்ளைகளே, அந்த வரிசையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு நீள அறை. ஆம்பிளைகள் எல்லாரும் சட்டையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். சிலரை அதற்கு மேலும் கழற்றச் சொன்னார்கள். மாட்டுச் சந்தையில் பார்ப்பதுபோல் ஒருத்தன் பல்லைப் பார்த்தான், தோளை அமுக்கினான், திரும்பு, குனி, இருமு என்றான். கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். கதவு திறந்துதான் கிடந்தது. டைப் அடிக்கிற பெண்கள் குறுக்கே போனார்கள், வந்தார்கள். அங்கே ஒருத்தரும் சிரிக்கவில்லை, ஒருத்தரும் அசிங்கம் என்று சொல்லவில்லை. அது மரியாதையான காரியமாம்.

மாமாவுக்கு எக்ஸ்ரேயில் நெஞ்சில் ஒரு புள்ளி தெரிந்தது. சின்ன வயதில் வந்த ஏதோ காய்ச்சலின் தழும்பு, இப்போது ஒன்றுமில்லை என்று பிறகு ஒரு டாக்டர் சொன்னார். ஏஜென்டுக்கு அதெல்லாம் தேவையில்லை. "அடுத்த ஆள்" என்றான். மாமா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியில் வந்தார். மேல் பொத்தானை இரண்டாவது ஓட்டையில் போட்டிருந்தார். நான் சொல்லவில்லை.

கொஞ்ச நாள் கழித்து டீக்கடையில் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஊருக்குள் ஒரு பெரிய ரெஸ்டாரன்டில் தினம் சாயங்காலம் ஃபேஷன் ஷோ நடக்குமாம். பாட்டு, நடை. ஆம்பிளைகளும் நடக்கலாம். கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து, பாட்டுக்கு ஏற்றபடி கோட்டைக் கழற்றி, சட்டையைக் கழற்றி, ஒரு சுற்று நடந்துவிட்டுப் போக வேண்டும். அவ்வளவுதான். அதற்கு மேல் அங்கே விடமாட்டார்கள். மாமா உயரம், ஆலையில் துணிக்கட்டுத் தூக்கின தோள். எடுத்துக்கொண்டார்கள்.

"அகோ, உள்ளே பார்த்தவன் வேணாம்னான். வெளியே பார்த்தவன் வான்னான்" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "ஆடத் தெரியுமா உனக்கு?" என்றேன். "தெரியாது. துணி எங்க வெட்டணும்னு தெரியும். இப்ப எங்க போறதுன்னுதான் தெரியல" என்றார்.

பெரியப்பாவிடம் ரெஸ்டாரன்டில் வேலை என்று சொன்னேன். அது உண்மைதானே. அவர் கொஞ்சம் இளகி வந்தார். வருகிற மாதம் பார்க்கலாம் என்றார். அந்த நேரத்தில்தான் அந்த வெள்ளைக்காரப் படம் வந்து சேர்ந்தது.

நான் அப்போது செய்துகொண்டிருந்த வேலை உங்களுக்குப் புரியாது. இப்போது படத்துக்குக் கீழே எழுத்து ஓடுகிறது. அப்போது எங்கள் வீடியோ கொட்டகையில் அந்த எழுத்து நான்தான். பெரிய டிவி, நாலு வரிசை பெஞ்சு, முன்னால் பெரிய மனுஷர்களுக்கு இரண்டு சாய்வு நாற்காலி. டிவி பக்கத்தில் மைக்கோடு நின்று, வெளிநாட்டுப் படத்தில் யார் என்ன சொல்கிறார்கள் என்று நான் சொல்லிக்கொண்டே வருவேன். பர்மியத்தில் சொல்வேன், சண்டை வருகிற இடத்தில் தமிழ் தானாக வந்து விழும். எனக்கு இங்கிலீஷ் எவ்வளவு தெரியும் என்று கேட்காதீர்கள். காலையில் ஒரு முறை படத்தைப் போட்டுப் பார்ப்பேன், முகத்தைப் பார்த்தே கதை பிடித்துவிடுவேன். ஜனங்களுக்கு என் கதை பிடித்திருந்தது. முதலாளி, தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர் வம்சத்து பாய், வெளியில் குடைக்கடையும் வைத்திருந்தார். "தம்பி, ஒன் கதைதான் படத்தை விட நல்லாருக்கு" என்பார். அதைப் பாராட்டு என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்குக் காலையில் புது டிஸ்க் வந்தது. போட்டேன். பாதிப் படத்தில் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் எண்ணெயை ஷோவுக்குத்தான் பாய் தருவார். அதனால் பாதிப் படம்தான் பார்த்தேன்.

அந்தப் பாதியில் என்ன? ஒரு குளிரான கடற்கரை ஊர். ஓட்டல்கள் மூடிக் கிடக்கின்றன. நாலு ஆம்பிளைகளுக்கு வேலை இல்லை. ஒருத்தன் குண்டு, ஒருத்தன் கிழவன், ஒருத்தன் பெண்டாட்டிக்குப் பயந்தவன், இன்னொருத்தன் சும்மா. நாலு பேரும் ஒரு படகுக் கொட்டகையில் நின்று, சட்டையைக் கழற்றி, ஒருத்தன் வயிற்றை ஒருத்தன் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். மூச்சைப் பிடிக்கிறார்கள். கண்ணாடியில் நெஞ்சைப் பார்க்கிறார்கள். ஒரு பெண் நோட்டுப் புத்தகத்தோடு வந்து திரும்பச் சொல்கிறாள், குனியச் சொல்கிறாள்.

நீங்களே சொல்லுங்கள், வேலை போன ஆம்பிளைகள் சட்டையைக் கழற்றி வரிசையில் நின்றால் எங்கள் ஊர்க்காரன் என்ன நினைப்பான்? மெடிக்கல் என்று நினைத்தேன். பாவம், வெள்ளைக்காரனுக்கும் இந்தக் கதிதானா, இவனும் எங்கேயோ வெளிநாட்டுக்குப் போகத்தான் மெடிக்கலுக்குத் தயாராகிறான் என்று நினைத்தேன். அந்தப் பெண் டாக்டர். அந்தக் குண்டு ஆளுக்குத்தான் கிடைக்காமல் போகும் என்றும் நானே முடிவு கட்டிவிட்டேன்.

மத்தியான ஷோவுக்குக் கொட்டகை நிறைந்திருந்தது. பெரியப்பா முன்னால் சாய்வு நாற்காலியில். மாமாவுக்கு வேலை சாயங்காலம்தான், கடைசி பெஞ்சில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். நான் ஆரம்பித்தேன். ஓட்டல் மூடினதைச் சொன்னேன். மெடிக்கலைச் சொன்னேன். "இருமு என்கிறாள் டாக்டரம்மா. இவன் இருமுகிறான். இவன் பிள்ளை வீட்டில் பள்ளிக்கூடப் பை இல்லாமல் இருக்கிறது." நான் எதுவும் கூட்டிச் சொல்லவில்லை. அந்த வரிசையில் நின்றவர்கள், நிற்கப் போகிறவர்கள், திரும்பி வந்தவர்கள், எல்லாரும் அங்கே இருந்தார்கள். ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள்.

பிறகு நான் பார்க்காத பாதி வந்தது.

ஒரு மேடை. விளக்கு. அந்த நாலு பேரும் மீன்பிடிக்காரர் போடுகிற மஞ்சள் மழைக்கோட்டில் வந்து நின்றார்கள். கீழே ஊர்ப் பெண்கள் எல்லாம் மேசையைத் தட்டிக் கத்துகிறார்கள். கோட்டுப் பறந்தது. சட்டை பறந்தது. நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றேன்.

"ஏம்ப்பா, டாக்டரம்மா ஒருத்திதானே இருந்தா? இத்தன டாக்டரம்மா எங்கேருந்து வந்தாங்க?" என்று ஒருத்தன் கேட்டான்.

"இது மலேசியா மெடிக்கல் இல்ல, பெரிய நாட்டு மெடிக்கல்!"

"குண்டன் பாஸாயிட்டான்டா!"

கொட்டகையே ஆடியது. அதுவரை எனக்குக் கோபம் இல்லை, நானும் சிரித்திருப்பேன். அப்போது வாசல் வெற்றிலைக் கடைக்காரன் எழுந்து நின்றான். அவன் எல்லா ரெஸ்டாரன்டுக்கும் வெற்றிலை பீடா கொடுத்து வருகிறவன். "அவன ஏன் கேக்கறீங்க? கடைசி பெஞ்சுல ஒருத்தன் உக்காந்திருக்கான், அவனக் கேளுங்க. தெனம் சாயங்காலம் இதான் அவனுக்கு மெடிக்கல். எந்திரிப்பா, ஒரு சுத்து நடந்து காட்டு!"

எல்லாத் தலையும் திரும்பியது. பெரியப்பா தலையும் திரும்பியது. மாமா எழுந்திருக்கவும் இல்லை, குனியவும் இல்லை. சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். "கழட்டு, கழட்டு" என்று பையன்கள் கை தட்டினார்கள். பத்து நிமிஷத்துக்கு முன்னால் மூக்கை உறிஞ்சின அதே ஜனம்.

மைக் என் கையில் இருந்தது. என்ன சொன்னேன் என்று எனக்கு முழுசாக நினைவில்லை, பாய்தான் பிறகு சொன்னார். "சிரிங்கடா! ஏஜென்ட் முன்னாடி கோவணத்தோட நின்னப்போ எவன்டா சிரிச்சான்? நீ நின்னே, உன் தம்பி நின்னான், அந்த மூணாவது பெஞ்சு நின்னான். பல்ல எண்ண விட்டீங்க. அப்ப வாய மூடிக்கிட்டு நின்னீங்க. அவன் என் தங்கச்சி மாப்பிள்ளை. இன்னொரு தடவ கழட்டுன்னு சொல்றவன் இங்க வந்து என்கிட்ட சொல்லு!"

யாரும் வரவில்லை. பாய் டிவியை நிறுத்திவிட்டு, "படம் முடிஞ்சது, வெளிய மழை வருது, குடை இருக்கு" என்றார். மழை வரவில்லை. ஆனால் ஜனம் கிளம்பிவிட்டது. அந்த மனுஷருக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டவன்.

பெரியப்பா எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தார். "கண்டவ கைதட்ட ஒடம்பக் காட்டறவனுக்கு நம்ம வீட்டுப் பொண்ணா? இந்தப் பேச்சு இதோட முடிஞ்சது" என்றார்.

உங்கள் அத்தை அடுப்படியிலிருந்து வந்தாள். மாமா நடக்கிற வேலை அவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும், மாமாவே சொல்லியிருந்தார். "பெரியப்பா, பூமிதிக்கு நீங்க வெறும் மார்போடதானே போறீங்க? ரோடு முழுக்கப் பொம்பளைங்கதான். நாங்க என்ன கண்ண மூடிக்கிட்டா நிக்கறோம்?"

"அது சாமி காரியம்டி!"

"இது சோத்துக் காரியம்."

"வாய் நீளுது. அவன அந்த வேலய நிறுத்தச் சொல்லு, அப்புறம் பேசலாம்."

"நிறுத்துன்னா நான் சொல்லணும். நானே இன்னும் போய்ப் பாக்கல. பாத்துட்டுச் சொல்றேன்." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நாளைக்கு என்னக் கூட்டிட்டுப் போ."

கூட்டிக்கொண்டு போனேன். உங்கள் அம்மா திட்டினாள், இருந்தாலும் தன் நல்ல லோஞ்சிப் பாவாடையை அவளுக்குக் கட்டிவிட்டாள். ரெஸ்டாரன்டில் எல்லாம் ஆம்பிளைகள், பீர், வறுத்த கடலை. ஒரு ஓரத்து மேசையில் ஆளுக்கு ஒரு ஆரஞ்சு ஜூஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். இப்படிப்பட்ட இடங்களில் ஒரு வழக்கம் உண்டு. மேடையில் இருப்பவரைப் பிடித்துவிட்டால், பீர் குடிக்கிறவர் கல்லாவில் ஒரு ஜிகினா மாலை வாங்கி, வெயிட்டர் கையில் கொடுத்து அனுப்புவார். வெயிட்டர் போய்க் கழுத்தில் போடுவான். மாலைக் காசில் பாதி நடக்கிறவருக்கு. பாட்டு முடிந்ததும் மாலையைக் கழற்றிக் கல்லாவில் கொடுத்துவிட வேண்டும். அதே மாலையை அடுத்த ஆளுக்கு விற்பார்கள்.

மாமா வந்தார். கறுப்புக் கோட்டு. எங்களைப் பார்த்துவிட்டார். ஒரு அடி தவறியது, பிறகு சமாளித்துக்கொண்டார். அவருக்கு ஆடத் தெரியவில்லை, அது உண்மை. பஸ் நிறுத்தத்துக்கு நடப்பதுபோல் நடந்தார். கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். சட்டையைக் கழற்றினார். ஒரு மேசையில் விசில் அடித்தார்கள். இன்னொரு மேசையில் ஒருத்தன் மிச்சக் கடலையை எடுத்து மேடையில் எறிந்தான். கடலை அவர் நெஞ்சில் பட்டு விழுந்தது. நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன்.

எனக்கு முன்னால் அத்தை எழுந்துவிட்டாள். கடலை எறிந்தவனிடம் போகவில்லை. கல்லாவுக்குப் போனாள். ஒரு மாலை வாங்கினாள். வெயிட்டர் கை நீட்டினான், கொடுக்கவில்லை. தானே மேடை ஏறினாள்.

தமிழ்ப் பெண் பிள்ளை ஒருத்தி, சபை பார்க்க, ஒரு ஆம்பிளை கழுத்தில் மாலை போட்டால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே இருந்தவர்களுக்கு அது தெரியாது. கை தட்டினார்கள். மேடையில் பேசுகிறவன், "அக்காவுக்கு நம்ம அண்ணனை ரொம்பப் பிடிச்சுப்போச்சு!" என்றான். மாமாவுக்குத் தெரிந்தது. "இத வச்சு வெளையாடாத" என்றார். "யாரு வெளையாடறா? சட்டையப் போடு, போலாம்" என்றாள்.

கீழே வந்ததும் வெயிட்டர் மாலையைக் கழற்ற வந்தான். மாமா மாலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மேனேஜர் வந்தார். மாலையைத் தராவிட்டால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, அத்தையைப் பார்த்து, "ஜனங்க நல்லா ரசிச்சாங்க. வாரத்துக்கு ரெண்டு நாள் நீங்க வந்து இதே மாதிரி செய்ய முடியுமா?" என்றார். நான் என்ன சொன்னேன் என்பதை எழுத மாட்டேன், சின்னவன் படிப்பான். மாமா வேலையை விட்டுவிட்டார். பஸ்ஸில் ஜிகினா மாலையோடு வந்தார், எல்லாரும் பார்த்தார்கள்.

பெரியப்பா மறுநாள் காலையிலேயே வந்தார். செய்தி எப்படியோ போயிருந்தது. மாலையைக் கையில் எடுத்துப் பார்த்தார். "ஜிகினாவா?" என்றார். "கழுத்துல விழுந்தா எல்லாம் மாலைதான் பெரியப்பா" என்றாள் அத்தை. அவர் மாலையைக் கீழே வைத்தார். பிறகு நாள் பாருங்கள் என்றார். உடனே நான் சந்தோஷப்பட்டேன் என்று நினைக்காதீர்கள். அவர் ஏன் சம்மதித்தார்? மாலை போட்டுவிட்ட பெண்ணை இனி வேறு எவன் கட்டுவான் என்ற பயம். அந்தப் பையன் நல்லவன், நாணயமானவன், தன் வேலையை மறைக்காமல் பெண்ணிடம் சொன்னவன், அதற்காக இல்லை. ஒரு ஜிகினாத் துண்டுக்குக் கிடைத்த மரியாதை மாமாவுக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கல்யாணத்துக்குத் தெருவே வந்தது. வெற்றிலைக் கடைக்காரனும் வந்தான், தட்டுத் தட்டாக வெற்றிலையோடு. ஐயர் மாப்பிள்ளையைப் பார்த்து, "சட்டையக் கழட்டிட்டு அங்கவஸ்திரத்தப் போட்டுக்கங்க" என்றார். அதுதான் முறை. பெரியப்பா பதறிப்போய், "வேணாம் வேணாம், சட்டையோடயே இருக்கட்டும்" என்று கத்தினார். பந்தலில் ஒரு கனைப்புச் சத்தம் கேட்டது. ஐயருக்கு ஒன்றும் புரியவில்லை. "முறைன்னு ஒண்ணு இருக்குங்களே" என்றார்.

மாமா எழுந்து நின்றார். அவசரப்படவில்லை. ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினார். சட்டையைத் தையல் ஆலைக்காரன் மடிக்கிற மாதிரி, கை உள்ளே, காலர் மேலே, மடித்தார். என்னிடம் நீட்டினார். நான் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். வெறும் மார்போடு உட்கார்ந்து ஐயர் சொன்ன மந்திரத்தை அவருக்கு வந்த தமிழில் திருப்பிச் சொன்னார்.

நான் பந்தல் முழுக்க ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒருத்தன் சிரிக்கட்டும், ஒரே ஒருத்தன், என்று காத்திருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் பெண்ணுக்கு அண்ணன் என்றும் பார்க்காமல், தாலி என்றும் பார்க்காமல், அந்தக் கல்யாணத்தை நானே நிறுத்திவிட்டு முதலில் அவனை வெளியே தள்ளியிருப்பேன்.